கீழக்கரைப் பிள்ளைகளும் பன்னாட்டுறவுக் கல்வியும்

1976 மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் தில்லிக்கும் கொழும்புக்கும் இடையே இரண்டு மடல்கள் கைமாறின. எழுதியோர் இரு நாட்டு வெளியுறவுச் செயலர்கள். மன்னார் வளைகுடாவில் கடலெல்லை வகுத்த உடன்படிக்கையை ஒட்டி வந்தவை அவை. ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலுள் இசைவின்றி மீன்பிடித்தல் ஆகாது என்று அவை முடிவுகட்டின. அவ்வமயம் தமிழகத்தில் மக்கள் தேர்ந்த ஆட்சியும் இல்லை; சனவரி 31ஆம் நாளே அது கலைக்கப்பட்டிருந்தது. கீழக்கரைக் கடலோரத்தில் வல்லம் தள்ளியவனை யாரும் உசாவவில்லை. அவனுக்கு அச்செய்தி மடலாக வரவுமில்லை. பின்னாளில் சுற்றுக்காவற் கப்பலாக வந்தது.

அதற்கு ஈராண்டு முன்னர், 1974 சூனில், பாக்கு நீரிணையில் எல்லை வகுத்தபொழுது கச்சத்தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. அவ்வுடன்படிக்கையின் 5ஆம் பிரிவு, நம் மீனவரும் வழிபடச் செல்வோரும் முன்போலத் தீவுக்குச் சென்றுவரலாம் என்கின்றது. 6ஆம் பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் வழிவழி நுகர்ந்துவந்த உரிமைகளை நுகரலாம் என்கின்றது. இச்சொற்களுள் மீன்பிடியுரிமை அடங்குமா, வலையுலர்த்தும் உரிமை மட்டுந்தானா, 1976இன் மடல்கள் அதனைத் தின்றுவிட்டனவா? ஐம்பதாண்டாக மேடைகளில் முழங்கப்படும் சிக்கல் இது. ஆனால் முழங்குவோருள் அப்பிரிவுகளைப் படித்துப் பார்த்தோர் எத்துணைப் பேர்?

படித்தறிந்தவன் ஒருவன் இருந்தால் என்ன வேறுபாடு நேரும் என்பதற்குச் சான்று தொலைவில் இல்லை. செங்கடலில் எரித்திரியாவுக்கும் ஏமனுக்கும் எழுந்த வழக்கில், 1998இல் நடுவர்கள் முதன்மைத் தீவுகளின் ஆட்சியுரிமை ஏமனுக்கே என்றனர். ஆயினும் இரு கரை மீனவரின் வழிவழி மீன்பிடி தொடரவேண்டும் என்றும் கூறினர். 2016 சூலை 12இல், தென்சீனக் கடல்பற்றிய பிலிப்பைன்சு வழக்கிலும், ஒரு பாறைத்திட்டைச் சூழ்ந்த அண்மைக்கடலில் எளிய மீனவரின் மரபுரிமை அழியாது என்று தீர்ப்பாயிற்று. அங்கே அத்திட்டு எந்நாட்டுக்குரியது என்பதே முடிவுசெய்யப்படவில்லை! இத்தீர்ப்புகள் கச்சத்தீவுக்கு அப்படியே பொருந்தும் என்பதன்று. இரு நாடுகள் தம்முள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை குறுக்கே நிற்கின்றது. ஆயினும் வழக்குக்கு வாயில் ஒன்று உண்டு என்பதை அவை காட்டுகின்றன.

அவ்வாயிலில் நுழைபவன் ஒரு கசப்பையும் விழுங்கவேண்டும். அத்தீர்ப்புகள் காத்தது சிறுபடகினரின் கைத்தொழில் மீன்பிடியை. பெருந்தொழில் மீன்பிடியை அன்று. இழுவலையிட்டுக் கடலடியை வாரும் விசைப்படகுக்கு அந்நிழல் கிடையாது. அக்கரையில் வலையறுந்து நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவனும் தமிழனே. இலங்கை 2017இல் இழுவலையைத் தடைசெய்தது. மறுஆண்டே அயற்படகுகளுக்கான தண்டத்தைப் பன்மடங்காக்கியது. இவ்வுண்மையை நம்மவர்க்கு எடுத்துரைக்கவும், நாட்டுப்படகினரின் உரிமையைப் பன்னாட்டவையில் நிறுவவும், கடலும் அறிந்து சட்டமும் அறிந்த தமிழ்ப்பிள்ளை தேவை.

அப்பிள்ளை கீழக்கரையிலிருந்து புறப்படுவதே இயல்பு. சேதுபதி மன்னர்கள் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தரோடு பலமுறை உடன்படிக்கை செய்துகொண்ட கடற்கரை இது. கொழும்பும் ஆங்காங்கும் வளைகுடா நாடுகளும் இவ்வூர் வணிகர்க்கு அடுத்த தெரு. அத்தகைய ஊரில் இன்று பள்ளியிறுதி முடித்த பிள்ளையிடம் மேற்படிப்பு என்றால், பொறியியல் என்று சொல்லி முடிக்குமுன் துபாய் என்று முடிக்கின்றான். பன்னாட்டுறவுக் கல்வி என்றொரு துறை உண்டென்பதை அவனுக்கு யார் சொன்னார்?

செனீவாவில் இதற்கென்றே 1927இல் ஒரு மேற்கல்வி நிறுவனம் எழுந்தது. அமெரிக்காவில் பிளெச்சர் கல்லூரி 1933இல் எழுந்தது. தில்லியில் 1955இல் தொடங்கிய பன்னாட்டுப் படிப்புப் பள்ளி 1970இல் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கடற்சட்டத்துக்கென்றே மால்டாத் தீவில் 1988 முதல் ஒரு நிறுவனம் இயங்குகின்றது. அண்மையில் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. தொடக்கத்துக்கு அதுவும் நன்று.

பொருளுக்கு வழி? பிரித்தானிய அரசின் செவனிங் நல்கை ஓராண்டுப் பட்டமேற்படிப்பின் முழுச்செலவையும் ஏற்கின்றது. ஈராண்டுப் பணிப்பட்டறிவு கேட்கின்றது. படித்தபின் ஈராண்டு தாய்நாட்டில் இருக்கவேண்டும் என்கின்றது. தாயகம் திரும்ப விழையும் பிள்ளைக்கு அது கட்டன்று, வரமே. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராசுமசு முண்டசு நல்கை கட்டணத்தையும் ஏற்றுத் திங்களுக்கு 1,400 ஐரோவும் தருகின்றது. செருமனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக்கட்டணமே இல்லை; ஆனால் ஓராண்டு வாழ்செலவை வைப்பகத்தில் முன்கூட்டியே காட்டவேண்டும். 2024இல் அது 11,904 ஐரோ, பத்து இலக்கம் உருபாவுக்கு மேல். ஆண்டு முழுதும் கடலுக்குப் போனாலும் வல்லக்காரன் அதனைக் காண்பானா?

நடுவணரசோ இருந்த கதவையும் சாத்திற்று. சிறுபான்மை மாணவரின் அயலகக் கல்விக் கடனுக்கு வட்டியை ஏற்ற திட்டம் 2022-23ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டது. ஒடுக்கப்பட்டோர்க்கான அயலகக் கல்வி நல்கையிலும் 2022இல் ஒரு விதி நுழைந்தது: இந்தியப் பண்பாடு, வரலாறு, குமுகவியல் பற்றிய ஆய்வுக்கு அப்பணம் கிடையாது. சேதுபதி – ஒல்லாந்தர் உடன்படிக்கையை ஆலந்து நாட்டு ஆவணங்களில் தேட விரும்பும் முகவைத் தாழ்த்தப்பட்ட மாணவனுக்கு அவ்விதி என்ன சொல்கின்றது என்பதை விளக்கவும் வேண்டுமோ? தமிழ்நாட்டரசு 2023-24 முதல் அண்ணல் அம்பேத்கர் அயலகத் திட்டத்தில் பட்டியலின, பழங்குடி மாணவர்க்கு ஆண்டுக்கு 36 இலக்கம் வரை தருகின்றது. 2025இல் முசுலீம் மாணவர் பதின்மருக்கு ஆளுக்கு 36 இலக்கம் அறிவித்தது. பாராட்டலாம். ஆயினும் பதின்மர் என்பது மாநிலம் முழுமைக்கும்.

வேண்டுகைமடலின் உயிர் நோக்கவுரையே. ஞாலத்தில் அமைதி தழைக்க விழைகின்றேன் என்று ஞாலம் முழுதுமிருந்து எழுதி அனுப்புகின்றனர். என் தந்தையின் படகு எந்த எல்லைக்கோட்டில் எந்நாளில் பிடிபட்டது, அக்கோட்டை எவ்வுடன்படிக்கை வரைந்தது என்று எழுதத்தக்கவன் நம் பிள்ளை. அதனை முதலில் தமிழில் எண்ணித் தமிழில் எழுதட்டும். பின்னர் ஆங்கிலத்தில் ஆக்கட்டும். ஆங்கிலம் அங்கே கருவி. கருவியைக் கற்பதில் நாணமில்லை, அதற்கு அடிமையாவதில்தான் நாணம்.

இனி ஊரின் செல்வர்க்கு ஒரு சொல். இறந்தபின்னும் ஈந்தார் என்று உலகம் சொல்லும் சீதக்காதி வள்ளல் பிறந்த ஊர் இது. இவ்வூர் அப்துல் இரகுமான் 1984இல் வண்டலூரில் பொறியியற் கல்லூரி கண்டார். அதே ஆண்டில் கீழக்கரையிலேயே முகம்மது சதக்குக் கல்லூரியும், 1988இல் தாசிம் பீவி பெண்கள் கல்லூரியும் எழுந்தன. கொடைக்குக் குறைவில்லை, கொடை போகும் திசைதான் ஒன்றாகவே இருக்கின்றது. பெருநல்கைகள் எல்லாம் தேர்வானபின் பொழிபவை. ஏழைப்பிள்ளை விழுவது அதற்கு முன்னர். ஆங்கிலத் தேர்வு ஒன்றுக்கே பல்லாயிரம் உருபா ஆகின்றது. சான்றிதழ்ப் படிகள், பல்கலைக்கழகக் கட்டணம், கடவுச்சீட்டு, நேர்காணலுக்குத் தலைநகர்ச் செலவு என்று சிறுசிறு தொகைகளே அவனை வாயிலில் நிறுத்திவிடுகின்றன. ஒரு திருமண விருந்தின் செலவில் பத்துப் பிள்ளைகளை அவ்வாயில் கடத்தலாம். செவனிங் ஆகசுட்டில் திறந்து அக்குதோபரில் மூடுகின்றது. இரண்டு பரிந்துரை மடல்களுக்கு ஆசிரியரை அணுகவேண்டியது அதற்குப் பல திங்கள் முன்னர். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டவேண்டியதும் அப்பொழுதே.