கொடுத்த பணத்தைத் திருப்பிப் பிடிப்பதா?

இடித்துவிட்டு லாரி பறந்துவிடுகிறது. நம்பர் தெரியாது. டிரைவர் யாரென்று தெரியாது. கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவன் யார் மீது வழக்குப் போடுவான்?

இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மோட்டார் வாகனச் சட்டத்தில் 161-வது பிரிவு இருக்கிறது. உயிர் போனால் 2 லட்சம் ரூபாய். படுகாயம் என்றால் 50 ஆயிரம். இந்தத் தொகை 2022 ஏப்ரல் 1-ந் தேதி வந்தது. அதற்கு முன்பு வெறும் 25 ஆயிரமும், 12,500-ம்தான்!

கோட்டாட்சியரோ தாசில்தாரோ விசாரிப்பார். கலெக்டர் உத்தரவு போடுவார். மனுவோடு ஒரு உறுதிமொழியும் எழுதி வாங்குகிறார்கள். சங்கதியே அதில்தான் இருக்கிறது.

பின்னால் போலீசார் லாரியைக் கண்டுபிடித்து, இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தால், முன்பு வாங்கிய தொகையை அதில் கழித்துக்கொள்வார்கள். 163-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. தீர்ப்பில் வந்த பணம், சமரசத்தில் வந்த பணம் என்ற பேதம் இல்லை.

ஒரே காயத்துக்கு இரண்டு தடவை பணமா என்ற கேள்வி நியாயமானதுதான். முழு நஷ்டஈடும் வாங்கியவன் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கட்டும்.

ஆனால், முழுசாக யாருக்குக் கிடைக்கிறது? பத்து லட்சம் கேட்டு வழக்குப் போட்டவன், வருஷக்கணக்கில் கோர்ட்டுக்கு நடந்து அலுத்து, மக்கள் நீதிமன்றத்தில் நாலு லட்சத்துக்குக் கையெழுத்துப் போடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடனை அடைக்க வேண்டுமே! அவன் ஆறு லட்சத்தை விட்டுக்கொடுத்தான். சர்க்கார் மட்டும் 50 ஆயிரத்தில் ஒரு பைசா விடாது என்றால் அது என்ன கணக்கு?

ஆபீஸ் உத்தியோகஸ்தர் விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு வரும் பி.எப்., பென்ஷன், எல்.ஐ.சி. பணத்தை நஷ்டஈட்டில் கழிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1998-லேயே சொல்லிவிட்டது. 2018-ல் மறுபடியும் சொன்னது. நல்ல தீர்ப்பு. அது உழைத்துச் சேர்த்தது, இது சர்க்கார் கொடுத்தது என்று வக்கீல்கள் பிரித்துச் சொல்வார்கள். இருக்கட்டும். பி.எப்.பும் பென்ஷனும் இல்லாத மூட்டை தூக்கும் தொழிலாளிக்கு வந்த ஒரே பணம் இதுதானே!

அதுவும் எத்தனை பேருக்குப் போய்ச் சேருகிறது? கோவை டாக்டர் ராஜசேகரன் தொடுத்த வழக்கில் 2024 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு எடுத்துச்சொன்ன கணக்கைப் பாருங்கள். 2022-ல் இடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67 ஆயிரத்து 387. 2022-23-ல் வந்த மனுக்கள் 205. பைசலானவை 95! இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவர்களுக்குப் போலீசாரே சொல்ல வேண்டும் என்று கோர்ட்டு உத்தரவு போட வேண்டியதாயிற்று. கொடுக்க ஆளைக் காணோம், பிடிக்க மட்டும் சட்டம் ரெடி!

சமரசத்தில் முடிந்த வழக்கில், கேட்டதில் எத்தனை பங்கு கிடைத்ததோ அத்தனை பங்குதான் பிடிக்கப்படும் என்று மத்திய சர்க்கார் சட்டத்தைத் திருத்தட்டும். நாலு லட்சம் வாங்கியவனிடம் 20 ஆயிரம் போதும். அதுவரை, கையெழுத்து வாங்கும் முன்பே "இவ்வளவு பிடித்தம் போக உன் கைக்கு இவ்வளவுதான் வரும்" என்று மக்கள் நீதிமன்றத்தில் தமிழில் படித்துக் காட்டட்டும்.