பழுதும் திருத்தமும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அடையாற்றுப் பெருக்கு முடிச்சூரிற் புகுந்து வடிந்தபின், வீதிதோறும் நனைந்த தட்டுமுட்டுப் பொருள்கள் குவிந்து கிடந்தமையை நம் கல்லூரியார் பலரும் கண்டிருப்பர். அக்குவியல் ஒன்றினுள் யாம் கண்டது ஒரு பழைய வால்வு ஆம்பிளிபையர். மைக் செட்டுக்காரர் ஒருவர் முன்னாளில் திருமணப் பந்தல்கட்கும் மார்கழி விடியற்காலைக்கும் வாடகைக்கு விட்டது. "பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும், கொண்டுபோங்கள், ஐயா" என்றார் உடையவர்.

அதனை வீட்டில் வைத்துத் திருத்திய பட்டறிவு கொண்டு, இவ்வேலையில் விருப்புடைய மாணவர்க்குச் சில கூற விழைகின்றோம். பழுது நீக்குதல் வேறு, மாற்றியமைத்தல் வேறு. முன்னதைத் துணிந்து செய்க என்பதும், பின்னதற்குப் பன்முறை தயங்குக என்பதும் எமது கருத்து.

இத்தகைய கருவி கிடைத்தவுடன் சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதே பலர் வழக்கம். அது பெருந்தவறு. நெடுங்காலம் மின்சாரம் பாயாதிருந்த பெரிய கண்டென்சர்களுள், அலுமினியத் தகட்டின் மேலுள்ள மெல்லிய படலம் நலிந்திருக்கும். திடீரென முழு அழுத்தமும் தாக்கின் அவை வெடித்தலும் உண்டு. ஆதலின் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்தே முதலில் மின்சாரம் விடல்வேண்டும். பல்பு சுடர்விட்டு எரிந்து நிற்பின் உள்ளே கோளாறு உண்டென்பது தெளிவு.

இவையெல்லாம் அறிந்தும் யாம் பிழைத்தோம். டிரான்ஸ்பார்மர்களை இரு வாரம் உலர்த்தினோம். ரிச்சி தெருவிற் புதிய கண்டென்சர்கள் வாங்கிப் பெரியவற்றை மாற்றினோம். ஆயினும் சிறிய காகிதக் கண்டென்சர் இரண்டைத் தோற்றம் நன்றாயிருந்தமையால் விட்டுவைத்தோம். ஓசையலையை மட்டும் அடுத்த வால்வுக்கு விடுத்து, நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவதே அவற்றின் தொழில். அத்தடை கசிந்தால் இறுதி வால்வு கட்டுக்கடங்காது மின்சாரத்தை இழுக்கும். பல்பை நீக்கிய ஐந்தாம் நிமிடத்தில் வால்வு ஒன்றன் பிளேட் கொல்லன் உலையிட்ட இரும்பெனச் சிவந்தது. சுவிட்சை அணைத்தோம். வால்வு போயிற்று; டிரான்ஸ்பார்மர் தப்பியது. அவ்வால்வு 6 எல் 6 எனும் வகை. 1936-இல் அமெரிக்காவில் வெளிவந்தது, இன்றும் ரஷ்யாவிலும் சீனாவிலும் செய்யப்படுகிறது. ஆனால் பல அடுக்காகச் சுற்றிய அந்த டிரான்ஸ்பார்மர் எரிந்திருப்பின், சுற்றெண்ணிக்கை அறிந்து மீளச் சுற்றுவாரை எங்கே தேடுவது? சில ரூபாய்க் கண்டென்சருக்காக அதனை இழக்க இருந்தோம்.

இனி மாற்றியமைத்தல். ரெக்டிபையர் வால்வைக் களைந்து சிலிக்கன் டயோடு வைத்தலை முன்னேற்றம் என்பார் உளர். அவ்வால்வு தன்னிடத்தே இழக்கும் நாற்பது ஐம்பது வோல்ட்டை டயோடு இழப்பதில்லை. எனவே அழுத்தம் உயரும். மற்றை வால்வுகள் சூடேறுமுன்பே முதிய உறுப்புகள்மேற் பாயும். இதனை யாம் ஒப்போம். பழமை கெடுமென்று இருகம்பி வடத்தையே வைத்திருப்பாரையும் ஒப்போம். இரும்புத் தகட்டில் மின்சாரம் ஏறினால் தொட்டவர் உயிர்க்கு ஏது காப்பு? யாம் முதலிற் செய்த மாற்றம் மூன்றுகம்பி வடமிட்டு, தகட்டை நிலத்தோடு இணைத்ததே. அணைத்தபின்னும் கண்டென்சரில் 400 வோல்ட் தங்கியிருக்கும் என்பதையும் மறவற்க.

வால்வின் ஓசை இனிதென்பர். அவ்வினிமையில் ஒரு பங்கு திரிபென்பது மின்னியல் கற்றார் அறிவர். அறிந்தும் எமக்கு அது இனிதாகவே இருக்கின்றது. எனினும் இக்கருவி மனிதக்குரலுக்கும் நாகசுரத்துக்கும் அமைந்தது. ஆழ்ந்த தாழ்சுரங்களை அதனிடம் வேண்டித் தகட்டில் துளையிடத் தொடங்குவோர், முடிவில் பழையதும் புதியதும் அல்லாத ஒன்றைப் பெறுவர்.

இப்பொழுது சேலையூரில் எம் இல்லத்தே ஞாயிறுதோறும் அதில் நாகசுர இசைத்தட்டு ஒலிக்கின்றது. மெல்லிய உறுமல் ஒன்று மட்டும் நீங்கவில்லை. நிலக்கம்பி இரண்டிடத்தில் இணைந்துளதோ என ஐயுறுகின்றோம். வரும் விடுமுறையில் மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும்.