முதுகில் ஓர் ஊசியும் நமது தயக்கமும்

பிரசவ நோவைத் தணிக்க முதுகில் போடும் ஊசி பற்றிப் பேச்செழுந்தால், எங்கள் வீடுகளில் முதலில் வரும் மறுமொழி, “நாங்கள் என்ன ஊசி போட்டோ பெத்தனாங்கள்?” என்பதுதான். பெற்றவர்கள் சொன்னாலாவது பொறுக்கலாம். ஆண்களும் இதையே சொல்வதைத்தான் என்னால் சகிக்க முடிவதில்லை.

இது நமக்கு மட்டும் உரிய மனப்பாங்கு அன்று. 1847இல் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற வைத்தியர் பிரசவத்திற்குக் குளோரோபோம் கொடுக்கத் தொடங்கியபோது, பெண் வேதனைப்பட்டே பெறவேண்டும் என்பது ஆதியாகமத்தின் தீர்ப்பு என வாதிட்டோர் இருந்தனர். சிம்சன் அதே நூலிலிருந்து பதிலளித்தார்: ஆதாமின் விலா எலும்பை எடுக்குமுன் கடவுள் அவனுக்கு ஆழ்ந்த நித்திரையை வருவித்தாரே! 1853இல் விக்டோரியா மகாராணியே இளவரசர் லியோபோல்டைப் பெறுகையில் குளோரோபோம் பெற்றுக்கொண்டார். மகாராணிக்கு ஆகும் என்றால் மற்றவருக்கும் ஆகும் போலும்.

இன்றைய முறையில் தாய் மயங்குவதில்லை. ஸ்பைனல் என்பது முள்ளந்தண்டுத் திரவத்தினுள் ஒருமுறை ஏற்றும் மருந்து. சில நிமிடங்களில் விறைத்துவிடும். எபிடியூரல் அதற்கு வெளியே நுண்குழாய் வைத்து, பல மணி நேரம் மருந்து செலுத்துவது.

சிசேரியன் என்றதும் அதே முதுகில் ஊசி ஏற்ற நம் வீட்டார் ஆட்சேபிப்பதில்லை. கத்தியின் நோவுக்கு மருந்து வேண்டும். கருப்பையின் நோவு மட்டும் தாய்மையின் பெருமையாகிவிடுகிறது. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாரி நோ நிரந்தரமாகிவிடும் என்பது பலரின் அச்சம். ஊசி குத்திய இடம் சில நாள் நோகலாம். நீண்டகால முதுகுவலியை அது உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிசேரியனுக்கான வாய்ப்பையும் அது கூட்டுவதில்லை. ஆனால் இரத்த அழுத்தம் குறையலாம், முக்கும் கட்டம் நீளலாம், ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்குக் கடும் தலையிடி வரலாம்.

ஆரோக்கியமான கர்ப்பிணி நோவுத் தணிப்பைக் கேட்டால், அவரது விருப்பப்படி எபிடியூரல் வழங்குமாறு உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. இலங்கையில் பெரும்பாலான பிள்ளைகள் பிறப்பது அரச வைத்தியசாலைகளிலேயே. அங்கே கேட்டவர் எல்லோருக்கும் இதைக் கொடுப்பதாயின் மயக்க மருந்து வைத்தியரும், தாயையும் சிசுவையும் கண்காணிக்கும் தாதியரும் இரவு பகலாக வேண்டும். ஆளில்லை என்றால் ஆளில்லை என்று சொல்லட்டும். அந்தக் குறைக்குப் பொறுமை என்று பெயரிட்டுத் தாய்மாரின் தலையில் கட்டுவதை நான் ஏற்கேன்.

ஊசி வேண்டாம் என்பவளை வற்புறுத்தவும் எவருக்கும் உரிமையில்லை. அவள் தீர்மானிப்பதற்கு, நன்மையும் தீமையும் முன்கூட்டியே அவளுக்குச் சொல்லப்பட வேண்டும். நோவின் உச்சத்தில் அல்ல, மாதாந்தக் கிளினிக்கில். கணவனும் மாமியும் அருகிலிருந்து கேட்டால் இன்னும் நல்லது.