ஃபர்ஸ்ட் இயரும் ஒரு செய்தித்தாளும்

“இதெல்லாம் எதுக்கு?”ன்னு கிராஃபிக்ஸ் ஷீட்டோட நீங்க புலம்பினது ஞாபகம் இருக்கா? ஓவியக் கல்லூரியிலும் இதே புலம்பல்தான். பெயின்ட் பண்ண வந்தவங்களை முதல் வருஷம் கோடு, நிறம், களிமண்ணுன்னு உட்கார வச்சிடுவாங்க.

1919-ல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளிதான் இந்த அடிப்படை வகுப்பைப் பிரபலமாக்கியது. அங்கே யோசப் ஆல்பர்ஸ் மாணவர்களிடம் செய்தித்தாளைக் கொடுத்து, வீணாக்காம ஏதாவது செய்யச் சொல்வார். கோட்டை, கப்பலை விட, சும்மா மடிச்சு நிக்க வச்ச காகிதம்தான் அவருக்குப் பிடிச்சது. மடிப்பு விழுந்தா மெலிசான தாளும் நிக்கும். நம்ம தகரக் கூரை மாதிரி!

அந்த வருஷத்தைக் குறைக்கவே கூடாதுங்கறது என் கட்சி. ஆனா மார்க்குக்காக எல்லாரையும் ஒரே நிறச் சக்கரம் போட வச்சா வீண்தான். நான் சீனியர் ஷீட்டைக் கண்ணாடி மேல வச்சு காப்பி அடிச்சவன். நல்ல மார்க். இன்னிக்கும் ஒரு ஐசோமெட்ரிக் வியூ சொந்தமா வரைய வராது.