வெண்பேட்டுக்குத் தெற்கே



தளவானூரில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்காதீர்கள். எங்கள் பாறைமேல் ஏறி நின்றாலும் கடல் தெரியாதுதான். ஆனால் இந்த மீன்பிடித் தடைக்காலத்தில் கடலே ஒரு மஞ்சள் பையில் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். இன்ஜினை இறக்குவது, பெயின்ட் அடிப்பது, வலை பிரிப்பது எல்லாம் அப்போதுதான். மரக்காணம் பக்கத்துக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த படகுக்காரர் ஒருவர் இந்த முறை ஜிபிஎஸ்ஸையும் மாற்றிவிட்டார். பழையது கார்மின் கைக்கருவி. புதியது ஆழம் காட்டும் எக்கோவோடு சேர்ந்த பெரிய திரை, லோரன்ஸ். பழையதில் 312 பாயின்ட். அதைப் புதியதில் ஏற்றித் தரச் சொன்னால், விற்ற கடையில் கையை விரித்துவிட்டார்களாம்: "ஒவ்வொண்ணா தட்டி ஏத்திக்குங்க." அவர் மகனோடு திண்டிவனத்தில் படித்தவன் எங்கள் எதிர்வீட்டுப் பையன். கம்ப்யூட்டர் தெரிந்தவன். அவனைத் தேடித்தான் பை வந்தது.

பாயின்ட் என்றால் நம்மைப் போன்றவர்களுக்கு வெறும் எண். அவருக்கு ஒன்று மீன் கூடும் பார். இன்னொன்று வலையைக் கிழிக்கும் பாறை. அவருடைய அப்பா காலத்தில் எண்ணே கிடையாது. கரையில் ஒரு பனையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் வேறு இரண்டு அடையாளங்கள் ஒரே கோட்டில் வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் நங்கூரம். அப்பா காட்டிய இடங்களுக்கெல்லாம் இவர் படகை ஓட்டிப்போய், மேலே நின்று, ஒவ்வொன்றாகப் பட்டனை அழுத்திப் பதிந்திருக்கிறார். பல வருஷத்து வேலை. கண்ணிலிருந்து கருவிக்கு அப்படி வந்து சேர்ந்தது, கருவியிலிருந்து கருவிக்குப் போகத்தான் இவ்வளவு பாடு.

காரணம் எளியது. கார்மின், லோரன்ஸ், ரேமரின், ஹம்மின்பேர்ட் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் தனக்கென்று ஒரு கோப்பு வகை உண்டு. லோரன்ஸின் பழைய கோப்பு இடத்தைப் பாகையில்கூட வைப்பதில்லை, மீட்டர் கணக்கில் வைக்கிறது. இதற்கெல்லாம் பொதுமொழியாக 2002இல் வந்ததுதான் ஜிபிஎக்ஸ். இப்போது வரும் கருவிகளில் பெரும்பாலானவை அதைப் படிக்கும். பழையவற்றுக்கு ஜிபிஎஸ்பேபல் என்ற இலவச மென்பொருள் நடுவில் நின்று மொழிபெயர்க்கும். எதிர்வீட்டுப் பையன் அதைத்தான் இறக்கினான்.

தட்டி ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவன் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். 12 பாகை 15.30 நிமிடம் என்று பழையதில் இருப்பதை 15 நிமிடம் 30 விநாடி என்று படித்துப் போட்டால் 370 மீட்டர் தள்ளிப் போய்விடும். அதையே 12.1530 பாகை என்று போட்டால் 11 கிலோமீட்டருக்கு மேல். புள்ளி அதே புள்ளிதான், உட்கார்ந்த இடம்தான் வேறு. கருவியின் வரைபட அடிப்படை டபிள்யூஜிஎஸ் 84 இல்லாமல் பழைய இந்திய அளவைக்கு மாறியிருந்தாலும் சில நூறு மீட்டர் நகரும். வேறு கருவிக்கு மாறுகிறவர்கள் தொழிலுக்குப் போகுமுன், நன்றாகத் தெரிந்த மூன்று இடங்களையாவது ஒத்துப் பார்த்துவிடுங்கள். ஒரு ஜிபிஎக்ஸ் பிரதியை மெமரி கார்டில் போட்டு வீட்டில் வையுங்கள்.

படகுக்காரர் இரவு பதினொரு மணி வரை பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கார்டை அவர் கையைவிட்டுக் கொடுக்கவில்லை. அவரே செருகினார், அவரே உருவினார். முடிந்ததும், "தம்பி, உன் பெட்டியில இருக்கறத அழிச்சிடு. குப்பைத் தொட்டியிலயும்" என்றார். நான் மெல்ல எட்டிப் பார்த்தேன், திரையைத் திருப்பிக்கொண்டார்.

எண்கள் 312ம் வந்துவிட்டன. படங்கள் வரவில்லை. பழையதில் வலை கிழிக்கும் பாறைக்கெல்லாம் மண்டையோடு போட்டிருந்தார், நல்ல இடத்துக்கு மீன். புதியதில் எல்லாம் ஒரே குறி. பாறையும் பாரும் ஒன்றாகிவிட்டன! நீளமான பெயர்களும் வால் அறுந்து கிடந்தன.

மறுநாள் காலை அவரைக் குடைவரைக்கு அழைத்துப்போனேன். ஊருக்கு வருகிறவர்களை அங்கே கூட்டிப்போவது என் பழக்கம், மனைவி அதை வியாதி என்பாள். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த சத்துருமல்லேசுவரம். இங்கே வடமொழியில் ஒரு கல்வெட்டு, தமிழில் ஒரு பாட்டு. இரண்டும் இந்தக் கோயில் எழுந்த சேதியைத்தான் சொல்கின்றன. வடமொழிச் சுலோகம் "இந்த மலையில்" என்கிறது. செல்லன் சிவதாசன் சொன்ன தமிழ்ப் பாட்டோ வெண்பேட்டுக்குத் தெற்கே என்று இடம் குறிக்கிறது. எத்தனையோ முறை படித்தும் இந்த வித்தியாசம் எனக்கு உறைத்ததில்லை. அவர் கேட்டுவிட்டுச் சொன்னார்: "முதல் ஆளு இங்க நிக்கறவனுக்குச் சொல்றாரு. ரெண்டாவது ஆளு தூரத்துல இருந்து வர்றவனுக்குச் சொல்றாரு சார்."

ஐதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் மீன் கூடும் இடங்களை அறிவிக்கும்போதும் அட்சரேகை, தீர்க்கரேகையோடு, எந்தக் கரையிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்றும் சேர்த்தே தருகிறது. பாட்டுக்காரர் வழிதான் அது.

குடைவரையிலிருந்து திரும்பியதும், மதியம் வரை திண்ணையில் வேலை நடந்தது. அவர் ஒவ்வொரு பாயின்ட்டாகச் சொல்ல, பையன் குறி மாற்ற, நான் ஒரு நோட்டில் பெயரையும் எத்தனை பாகம் ஆழம் என்பதையும் மட்டும் தமிழில் எழுதினேன். எண்களை எழுத எனக்கு அனுமதி இல்லை. உங்கள் வீட்டிலும் இப்படிப்பட்ட நோட்டு இருந்தால் அதன் கதையை எழுதி அனுப்புங்கள். எண்களை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. பெயர் 'அப்பா 7'. பாறையா, பாரா, அவருக்கே ஞாபகம் இல்லை. பையன் அழித்துவிடலாமா என்று கேட்டான்.

"வேணாம் தம்பி. அப்பா உயிரோட இருக்கறப்போ அவரு சொல்லிப் போட்டது. பதினஞ்சாந்தேதி மொத வேலையா அங்கதான் போகணும்" என்றார்.

அன்புடன்,
ஆசிரியர்