நெற்றியில் வருஷம் எழுதிய வீடுகள்

ஊர்ப்பக்கம் வர்ற நகரத்து நண்பர்கள் ரெண்டு வகை வீட்டைத்தான் போட்டோ எடுக்கிறாங்க. ஒண்ணு, செட்டிநாட்டு அரண்மனை மாதிரி பெரிய வீடு. இன்னொண்ணு, மண்சுவரும் கீத்துக் கூரையுமா இருக்கிற சின்ன வீடு. ரெண்டுக்கும் நடுவுல இன்னொரு வகை இருக்கு. தெருவுக்கு நாலைஞ்சு இருக்கும். முகப்புல, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவருக்கு நடுவுல, சிமெண்டுப் பூவேலைக்குள்ள 1954, 1958, 1963 அப்படின்னு கட்டின வருஷம் எழுதியிருக்கும். சிலதுல அசோகச் சக்கரம், சிலதுல ராட்டை, சிலதுல ரெண்டு மயில். அந்த வீட்டை யாரும் போட்டோ எடுக்கிறதில்லை. ஆனா இடிக்கணும்னு வந்துட்டா அதைத்தான் முதல்ல இடிக்கிறாங்க.

என் கட்சி இதுதான். நம்ம ஊர்கள்ல ஒரு சாதாரணக் குடும்பம் வாழறதுக்குன்னு கட்டின வீடுகள்ல, அந்த வகைதான் ரொம்ப யோசிச்சுக் கட்டினது. அதுல முடிஞ்ச வரைக்கும் கை வைக்காம இருக்கணும். பழசு மேல இருக்கிற பாசத்துல சொல்லலை. அந்த வீட்டுக்குள்ள ஒரு கணக்கு இருக்கு. ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு கெட்டுப்போகும்.

அதைக் கட்டினவங்க மிராசுதார் கிடையாது. கொஞ்சம் நிலம், கூடவே ஒரு வாத்தியார் வேலை, ரயில்வே வேலை, இல்லைன்னா மலேயாவுலயோ பர்மாவுலயோ சம்பாதிச்ச காசு. அந்தக் காலத்துலதான் ஊருக்குள்ள கரண்டு வந்தது, சிமெண்டும் வந்தது. டால்மியாபுரம் ஆலை 1939ல ஆரம்பிச்சது. 1953ல பேரை மாத்தச் சொல்லி கல்லக்குடிப் போராட்டம் நடந்ததே, அதே ஊர்தான். தாழையூத்து ஆலை 1949ல வந்தது. ஆனா சிமெண்டு நினைச்ச மாதிரி கிடைக்காது. விலைக்கும் விநியோகத்துக்கும் கன்ட்ரோல் இருந்த காலம். அந்தக் கன்ட்ரோலைப் பாதி எடுத்தது 1982ல, முழுசா எடுத்தது 1989ல.

அதனால சிமெண்டை எங்க அவசியமோ அங்க மட்டும் போட்டாங்க. ஜன்னலுக்கு மேல சன்ஷேடு, வாசல் தூண், தரை. மத்ததெல்லாம் பழைய முறைப்படி செங்கல், சுண்ணாம்பு, மரம், ஓடு. புதுசையும் பழசையும் அதுது இடத்துல வெச்ச வீடு அது. இப்ப மூட்டை எவ்வளவு வேணும்னாலும் கிடைக்குது, எல்லா இடத்துலயும் கொட்டறோம்.

அந்த வீடு எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. வெளிச்சுவர் ஒண்ணரைக் கல் சுவர், மேல சுண்ணாம்புப் பூச்சு. பகல் வெயில் சுவரைத் தாண்டி உள்ள வர்றதுக்குள்ள பொழுது சாஞ்சிடும். மழையில சுவர் ஈரம் குடிச்சாலும் சுண்ணாம்பு அதை வெளிய விட்டுடும். முன்கட்டுக்கு மேல மெத்தை. மரக்கட்டைகளை நெருக்கமா போட்டு, சின்னச் செங்கல்லைக் குத்தவெச்சு சாய்வாட்டமா அடுக்கி, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டுவாங்க. கடுக்காய்த் தண்ணியும் வெல்லத் தண்ணியும் தெளிச்சு, பொம்பளை ஆளுங்க வரிசையா உக்காந்து நாள்கணக்கா மரக்கட்டையால தட்டித் தட்டி இறுக்குவாங்க. கடைசியா தட்டோடு பதிப்பாங்க. இன்ஜினியருங்க இதுக்கு மெட்ராஸ் டெரஸ்னு பேர் வெச்சிருக்காங்க. அதுக்குக் கீழ படுத்தவங்களுக்குத் தெரியும், சித்திரை மாசத்துல அது என்ன சுகம்னு.

பின்கட்டுக்கு மங்களூர் ஓடு. 1865ல மங்களூர்ல பாசல் மிஷன்காரங்க ஆரம்பிச்ச தொழில் அது. ஓட்டைத் திருப்பிப் பார்த்தா எந்தக் கம்பெனி செஞ்சதுன்னு அச்சு இருக்கும். ஒண்ணு உடைஞ்சா அந்த ஒண்ணை மட்டும் கழட்டி மாத்திடலாம். கான்கிரீட்டுல விரிசல் விட்டா அப்படி ஒரு துண்டை மட்டும் கழட்டி மாத்த முடியுமா?

ஜன்னலைச் சொல்லியே ஆகணும். மேல் பாதிக்குத் தனிக் கதவு, கீழ்ப் பாதிக்குத் தனிக் கதவு. ராத்திரி கீழ்க்கதவைச் சாத்திட்டு மேல்கதவைத் திறந்து வெச்சா, தெருவுல போறவங்களுக்கு உள்ள இருக்கிறது தெரியாது, காத்து மட்டும் வரும். வாசப்படியிலேர்ந்து கொல்லைக் கதவு வரைக்கும் ஒரே நேர்கோடு. நடுவுல முற்றமோ, அது இல்லைன்னா கூடத்துக்கு மேல உசரத்துல காத்துப் போக்கு ஜன்னலோ இருக்கும். சூடான காத்து அந்த வழியா மேல போயிடும், தெருவாசல் வழியா புதுக்காத்து உள்ள வரும். கரண்டு போனாலும் இது நிக்காது.

இப்ப இதுல கை வைக்கிறாங்க. முதல்ல திண்ணைக்கு கிரில் அடிப்பாங்க. பாதுகாப்புன்னு சொல்லுவாங்க, சரி. அடுத்து முற்றத்துல மழை அடிக்குதுன்னு மேல ஷீட்டு போட்டு மூடுவாங்க. அதோட சூடான காத்து வெளிய போற வழி அடைஞ்சு போச்சு. பகல்லயே லைட்டு போட வேண்டியதா போச்சு. அதுக்கப்புறம் காவித் தரை மேல டைல்ஸ். தரை ரெண்டு இஞ்ச் உசந்ததால கதவு தட்டும், கதவோட அடியை அறுப்பாங்க. சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திட்டு சிமெண்டு பூசி பெயிண்டு அடிப்பாங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம சுவர்ல உப்பு பூக்கும், பெயிண்டு பொரிஞ்சு உதிரும். "பழைய சுவர், அப்படித்தான் இருக்கும்"னு மேஸ்திரி சொல்லிடுவார். அப்புறம் ஜன்னலைப் பேத்துட்டு அலுமினியத்துல தள்ளு ஜன்னல். எவ்வளவு தள்ளினாலும் பாதி மூடியேதான் இருக்கும். கடைசியில வீடு புழுங்குதுன்னு ஏசி வைப்பாங்க. ஏசி வெச்சதும் மிச்சம் இருக்கிற ஓட்டையையும் அடைப்பாங்க. பத்து வருஷம் கழிச்சு, "இந்த வீட்டுல மனுஷன் இருக்க முடியலை, இடிச்சுட்டு புதுசா கட்டலாம்"னு பேச்சு வரும். புழுங்கற வீடா அதை ஆக்கினது யாருன்னு யாரும் கேக்கறதில்லை.

அதுக்காக ஊர்க்காரங்களை விவரம் கெட்டவங்கன்னு நினைச்சுடாதீங்க. மாத்தறதுக்குக் காரணம் இருக்கு. ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் பழைய ரோட்டைச் சுரண்டாம மேலயே போடறாங்க. மூணு படி ஏறிப் போன வீடு இப்ப ரோட்டுக்குக் கீழ இருக்கு, ஐப்பசி மழையில தெருத்தண்ணி திண்ணைக்கு வருது. குரங்கு வந்து ஓட்டை உடைக்குது. ஓடு பிரிச்சு மேயத் தெரிஞ்ச ஆளு ஊருக்கு ஒருத்தர் இருந்தா பெருசு, அவருக்கும் வயசாயிடுச்சு. பொண்ணு பார்க்க வர்றவங்க ஓட்டு வீட்டைப் பார்த்தா முகம் சுளிக்கிறாங்க. எல்லாத்துக்கும் மேல பாகப்பிரிவினை. நாலு தூண் கூடத்துல அண்ணனுக்கு ரெண்டு, தம்பிக்கு ரெண்டுன்னு நடுவுல சுவர் எழுப்பினா, காத்து எந்தப் பங்குல வரும்?

அந்த வீடுகள்ல குறை இல்லைன்னும் சொல்ல மாட்டேன். அடுப்படியில புகை மண்டும். அங்கேயே கண்ணு எரிய எரிய நின்னது பொம்பளைங்க. கக்கூஸ் கிடையாது, இருந்தாலும் கொல்லையோட கடைசியில. ராத்திரி வயசானவங்க பாடு திண்டாட்டம். திண்ணையைப் பத்தி எழுதறவங்க வழிப்போக்கர் தூங்கினதை எழுதுவாங்க. அந்தத் திண்ணையில யாரெல்லாம் உக்காரலாம், யாரெல்லாம் வாசல்லயே நின்னு பேசிட்டுப் போகணும்னு ஒரு கணக்கு இருந்ததை எழுத மாட்டாங்க. அந்தக் கணக்கை ஒழிச்சே ஆகணும். அதுக்குத் திண்ணையை இடிக்க வேண்டியதில்லை. எல்லாரையும் உக்கார வெச்சா போதும்.

இந்த இடத்துல அமெரிக்காவுல நடந்த ஒண்ணைச் சொல்றேன். கலிபோர்னியாவுல ஜோசப் ஐக்லர்னு ஒரு வீடு கட்டி விக்கிறவர் இருந்தார். நம்ம வருஷம் எழுதின வீடுகள் எழும்பின அதே 1950, 60கள்ல, நடுத்தரக் குடும்பங்களுக்குன்னு சுமார் 11,000 வீடு கட்டினார். மரச்சட்டம், பெரிய கண்ணாடிச் சுவர், எளிமையான வீடு. அதுல நிறைய வீட்டுக்கு நடுவுல வானம் பார்க்கிற முற்றம் உண்டு. அங்க முற்றத்தைப் புதுசுன்னு சேர்த்தாங்க, இங்க முற்றத்தைப் பழசுன்னு மூடினோம். கறுப்பர்களுக்கு வீடு விக்காத காலத்துல, யார் வந்தாலும் விப்பேன்னு நின்னவர் அவர். பாகுபாடு கூடாதுங்கிறதை வீடு கட்டுறவங்க சங்கம் ஏத்துக்கலைன்னு 1958ல அதுலேர்ந்து விலகினார். இன்னைக்கு அந்த வீடுகளைத் தேடிப் போறவங்க, உள்ள எதையும் மாத்தாம இருக்கான்னு பார்த்து வாங்கறாங்க.

இங்க நிலைமை வேற. விலை பேச வர்றவர் மனைக்கு மட்டும் விலை சொல்றார். வீட்டுக்கு விலை கேட்டா, இடிச்சு அள்ளற கூலியைக் கழிச்சுக்கச் சொல்றார். ஆனா அதே வீட்டோட நிலை, கதவு, உத்தரம், தூண் எல்லாத்தையும் கழட்டி வாங்கிட்டுப் போக லாரியோட ஆள் வருது. ஊர்ல கெளரவக் குறைச்சலா இருந்த கதவு, பட்டணத்துல சாப்பாட்டுக் கடை முகப்புல நிக்குது. நீங்க அதுக்குப் பக்கத்துல நின்னு செல்பி எடுக்கிறீங்க. கோபமா சொல்லலை. அந்தக் கதவு நல்ல கதவுன்னு உங்களுக்குத் தெரியுது, அது இருந்த வீடும் நல்ல வீடுதான்னு மட்டும்தான் சொல்ல வர்றேன்.

உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, இந்த வீடுகளைப் பத்தி முடிவெடுக்கிறது ஊர்ல இருக்கிறவங்க இல்லை. அப்பாவோ அம்மாவோ தனியா அந்த வீட்டுல இருப்பாங்க. பணம் வர்றது சென்னையிலேர்ந்தும் பெங்களூர்லேர்ந்தும். பொங்கலுக்கு ரெண்டு நாள் வர்ற பிள்ளைங்க வசதிக்காக, வருஷம் முழுக்க இருக்கிறவங்களோட காத்தையும் வெளிச்சத்தையும் அடைக்கிறோம்.

நான் சொல்ற வழி, சேர்க்கலாம், உடைக்க வேண்டாம். கொல்லைப்பக்கம் ஒட்டினாப்ல, படி இல்லாம நடந்து போற மாதிரி, கைப்பிடியோட ஒரு கக்கூஸும் குளியலறையும் கட்டுங்க. அதுக்குத் தாராளமா சிமெண்டு போடுங்க. அடுப்படியில புகை போக வழி பண்ணி, நின்னு சமைக்க மேடை போடுங்க. பழைய வயரிங்கை முழுசா எடுத்துட்டு புதுசு போடுங்க, அதுல பாசம் வேண்டாம், உசுரு விஷயம். முற்றத்துக்கு ஷீட்டு வேண்டாம், குரங்குக்குக் கம்பி வலை போதும். மழைக்கு முன்னாடி ஓடு மாத்துங்க. மெத்தையில முளைக்கிற அரசங்கன்னைச் சின்னதுலயே வேரோட எடுங்க, தண்ணி போற தூம்பைச் சுத்தம் பண்ணுங்க. சுவருக்கு சுண்ணாம்பே அடிங்க. தெருவுல ரோடு போட வந்தா, பழசைச் சுரண்டிட்டுப் போடச் சொல்லி எழுதிக் குடுங்க. ஊர்க்காரங்க சொன்னா காதுல வாங்காதவங்க, சென்னையிலேர்ந்து போன் வந்தா கொஞ்சம் நின்னு கேக்கிறாங்க, அந்தச் செல்வாக்கை இதுக்குச் செலவு பண்ணுங்க.

பாகம் பிரிக்கணும்னா வீட்டை ஒருத்தர் எடுத்துக்கிட்டு, மத்தவங்களுக்கு மனையாவோ பணமாவோ குடுங்க. கூடத்துக்கு நடுவுல மட்டும் சுவர் வைக்காதீங்க.

இதையெல்லாம் செய்ய, இடிச்சுக் கட்டற செலவுல கால்வாசி கூட ஆகாதுன்னு எனக்குத் தோணுது. ஆனா ஒரு நல்ல கொத்தனாரையும், ஓடு வேலை தெரிஞ்ச ஒருத்தரையும் இப்பவே பிடிச்சு, அவங்களுக்குத் தொடர்ந்து வேலை குடுக்கணும். வீடு இன்னும் அம்பது வருஷம் நிக்கும். அவங்க இன்னும் எத்தனை வருஷம் ஏணி ஏறுவாங்கங்கிறதுதான் இப்ப கவலை.