சொல்லும் பொருளும்: இன்செக்யூரிட்டி

சென்ற மாதம் பெண்டில் ஹில்லில் வசிக்கும் ஒரு தகப்பன், பாடசாலையிலிருந்து வந்த கடிதத்துடன் எம்மிடம் வந்தார். இரண்டாம் வகுப்பில் படிக்கும் மகள் கொஞ்சம் 'இன்செக்யூர்' ஆக இருப்பதாக ஆசிரியை எழுதியிருந்தார். அந்தச் சொல்லுக்குள் செக்யூரிட்டியைக் கண்டதும் மனிதருக்குக் கை நடுங்கிவிட்டது. "பிள்ளையையும் விசாரிக்கப் போயினமோ?" என்றார்.

எமக்குச் சிரிக்க முடியவில்லை. 1990இலிருந்து வலிகாமம் வடக்கில் சனம் விட்டோடிய வீடு வளவுகள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில்தான் பல்லாண்டு பூட்டிக் கிடந்தன. 2009இல் வன்னியில் பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே எறிகணை விழுந்தது. இங்கும், அகதிகள் என ஏற்கப்பட்ட பின்னரும் 'செக்யூரிட்டி' காரணம் காட்டி ஆண்டுக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்ட தமிழர் உண்டு.

ஆனால் ஆசிரியை சொன்னது வேறு. ஆங்கிலத்தில் இச்சொல் வெளியே உள்ள ஆபத்தையும் குறிக்கும், மனதுக்குள் உள்ள உறுதியின்மையையும் குறிக்கும். வேலை எந்நேரமும் போகலாம் என்றால் ஜொப் இன்செக்யூரிட்டி. அடுத்த கிழமைச் சாப்பாட்டுக்குக் காசு காணுமோ என்ற நிலை ஃபூட் இன்செக்யூரிட்டி. பிள்ளையைப் பற்றிச் சொன்னால், தன்னில் நம்பிக்கை குறைவு, வகுப்பில் கையுயர்த்தப் பயப்படுகிறாள் என்பதே. அது குற்றமுமல்ல, வருத்தமுமல்ல. பாதுகாப்பின்மை என்று மொழிபெயர்த்தால் பிழைத்துவிடும். எமது ஊர்ச் சொல்லில் 'அந்தரம்' கிட்ட வரும். நடுவானில் தொங்குவதும் அந்தரம், மனம் பதகளிப்பதும் அந்தரம்.

பேசப் பேசத்தான் காரணம் வெளிவந்தது. தற்காலிகப் பாதுகாப்பு விசா 1999இல் வந்து, 2008இல் நீக்கப்பட்டு, 2014இல் திரும்பவும் வந்தது. அதை வைத்திருந்தோருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது 2023இல்தான். அதுவரை அந்த வீட்டில் இரவுப் பேச்செல்லாம் "திருப்பி அனுப்பினால்?" என்பதே. பிள்ளை நித்திரை என்று நினைத்துப் பேசியிருக்கிறார்கள்.

இன்னொன்று, தாய்மாருக்கு. "வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?" என்று வைத்தியர் கேட்டால் அது கதவுப் பூட்டைப் பற்றியதல்ல. வீட்டுக்குள் அடி, மிரட்டல் உண்டோ என்பதே கேள்வி. அதற்குக் கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். 131 450 ஊடாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தரும்படி வைத்தியரிடமே கேளுங்கள். மனப்பாரத்துக்கு சிட்னியில் ஸ்டார்ட்ஸும் மெல்பேணில் பவுண்டேஷன் ஹவுஸும் உள்ளன. பிள்ளைகளையும் பார்ப்பார்கள்.

கடிதத்துக்குப் பதில் எழுதித் தரும்படி தகப்பன் கேட்டார். நாம் எழுதவில்லை, நேரில் போய்ச் சொல்லச் சொன்னோம். வரும் செவ்வாய் போகிறார்.